கடப்பைக் கல்லுக்குள் ஓர் இழுப்பறை: செய்முறைகள் சொல்லாத கணக்கு

மளிகைச் சாமான் வைக்க மரத்தில் இழுப்பறை செய்வது எப்படி என்று காட்டும் காணொளிகள் எக்கச்சக்கமாக இருக்கின்றன. நான் முப்பதுக்கு மேல் பார்த்திருப்பேன். அவற்றை நம்பி ஒன்று செய்தும் விட்டேன். நான்கு மாதமாக அம்மாவின் சமையலறையில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே இது செய்முறைக் குறிப்பு அல்ல, செய்முறைகளைப் பற்றிய விமர்சனம். அவை எதை விலாவாரியாகச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன, விட்டதனால் என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஏன் செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மேடைக்குக் கீழே உள்ள கல் தட்டில் பின்வரிசையில் ஏதாவது எடுக்கவேண்டுமென்றால் தரையில் உட்கார்ந்து, முன்வரிசை டின்களை வெளியே எடுத்து வைத்து, கையை உள்ளே விட்டுத் துழாவவேண்டும். போன வருஷம் ஒரு நாள் அப்படி உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்க முடியவில்லை. வீட்டில் யாருமில்லை. முக்கால் மணி நேரம் கழித்து பால்காரர் வந்துதான் தூக்கிவிட்டிருக்கிறார். எனக்கு இதை அவர் சொல்லவே இல்லை, பால்காரர் சொல்லித்தான் தெரியும். கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணுமில்லடா, சும்மா உக்காந்திருந்தேன்" என்றார்.

அந்த வாரம் தட்டைக் காலி செய்து பார்த்தேன். பின்னால் ஒரு கேழ்வரகு மாவுப் பொட்டலம், இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி, உள்ளே வண்டு. பக்கத்திலேயே அதே கேழ்வரகு மாவு, புதிதாக வாங்கியது. பழையது இருப்பது தெரியாமல் வாங்கியிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது, எடுக்க முடியவில்லை.

தட்டின் ஆழம் இரண்டு அடி. 1994-ல் கட்டிய வீடு. அந்தக் காலத்து வழக்கப்படி மேடைக்குக் கீழே கடப்பைக் கல்லைக் குத்தாக நிறுத்தி, நடுவில் கல் தட்டு போட்டிருக்கிறார்கள். இரண்டு அடி என்று யார் முடிவு செய்தது? மேடைக்கு இரண்டு அடி வேண்டும், அடுப்பு நிற்கவேண்டும், முன்னால் பாத்திரம் வைக்க இடம் வேண்டும். நியாயம்தான். ஆனால் கீழே இருக்கும் தட்டுக்கு அந்த ஆழம் மேடையின் நிழலாக வந்து சேர்ந்தது. பருப்பு டின்னின் விட்டம் ஐந்து அங்குலம். இரண்டு டின் வரிசைக்கு ஓர் அடி ஆழம் தாராளம். மீதி ஓர் அடி பொருளை ஒளித்து வைப்பதற்குத்தான் பயன்படுகிறது. சமையலறை இழுப்பறை என்பது இந்த வேண்டாத ஆழத்துக்கு நாம் கட்டும் அபராதம். சுவரோரம் ஓர் அடி ஆழத்தில், இடுப்பு உயரத்துக்கு மேல் திறந்த அலமாரி போட இடமிருப்பவர்கள் தயவுசெய்து அதைச் செய்யுங்கள், இழுப்பறை வேண்டாம். எங்கள் வீட்டில் அந்தச் சுவர் இல்லை.

சரி, காணொளிகளுக்கு வருவோம்.

அவற்றில் பாதி நேரம் மூலை இணைப்புக்குப் போகிறது. குறிப்பாக டவ்டெயில் என்கிற புறாவால் பூட்டு. பார்க்க அழகு, மறுக்கவில்லை. இழுப்பறை மரச்சட்டத்தின் மேலேயே உரசி ஓடிய காலத்தில் அதற்கு ஒரு காரணமும் இருந்தது. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் முன்பலகை பக்கப்பலகையிலிருந்து பிய்த்துக்கொண்டு வரப் பார்க்கும். விரிந்த வால் போல வெட்டிய மரம் அதை விடாது. இன்று இழுப்பறை ஓடுவது குண்டு பதித்த டெலஸ்கோபிக் சேனலில். ஐந்து கிலோ எடையை இழுப்பதுபோல் முப்பது கிலோவும் வழுக்கிக்கொண்டு வருகிறது. பிளைவுட் பெட்டிக்குப் பள்ளம் வெட்டி, பசை வைத்து, திருகு போட்டு, மேலே தனியாக ஒரு முகப்புப் பலகை மாட்டினால் போதும். நான் வேலை செய்தது தெரிந்த ஒரு ஆசாரி அண்ணனின் பட்டறையில். "டவ்டெயில் போடலாமாண்ணே?" என்று கேட்டதற்கு, "உள்ள பருப்புதான் தம்பி வைக்கப் போறீங்க?" என்றார். அதோடு விஷயம் முடிந்தது.

காணொளிகள் நன்றாகச் சொல்லும் ஒரு விஷயம் சதுரம் பார்ப்பது. இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, இரண்டும் சமமாக வரும்வரை கிளாம்ப்பைத் தட்டித் தட்டிச் சரிசெய்வது. பசை காயும் முன் செய்யவேண்டிய ஐந்து நிமிட வேலை. செய்யாவிட்டால் ஆயுசுக்கும் கிறீச் என்று ஒரு பக்கம் இடிக்கும். அதேபோல் சேனலுக்குப் பக்கத்துக்கு 12.7 மி.மீ. விடவேண்டும் என்பதையும் எல்லோரும் சொல்கிறார்கள். பெட்டி ஒரு மி.மீ. குறுகினால் அட்டைத் துண்டு வைத்துச் சமாளிக்கலாம். ஒரு மி.மீ. அகன்றால் இழைப்புளிதான்.

அகலம் எவ்வளவு போகும் என்பதை மட்டும் யாரும் கூட்டிச் சொல்வதில்லை. எங்கள் கல் இடைவெளி 508 மி.மீ., அதாவது 20 அங்குலம். கல்லில் நேரடியாகச் சேனல் மாட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. கடப்பைக் கல் அடுக்கடுக்காக இருக்கும், ஹாமர் வைத்துத் துளைத்தால் ஏடு பெயரும் வாய்ப்பு உண்டு. ஆகவே 18 மி.மீ. பிளைவுட்டில் ஒரு வெளிக்கூடு செய்து உள்ளே தள்ளிவிட்டு, அதற்குள் இழுப்பறை என்று முடிவு. கல் நேராக இல்லாததால் பக்கத்துக்கு 2 மி.மீ. விட்டால் கூடு 504. கூட்டின் கனம் இரண்டு பக்கமும் சேர்த்து 36 போக 468. சேனலுக்கு 26 போக 442. இழுப்பறையின் சொந்தப் பக்கப்பலகை இரண்டும் 24 போக, உள்ளே மிஞ்சியது 418. தொண்ணூறு மி.மீ. காணோம்! நூற்றுக்குப் பதினெட்டு பங்கு. இது போதாதென்று வட்ட டின்களை வரிசையாக அடுக்கினால் மூலைகளில் இன்னொரு இருபத்தொரு பங்கு வீண். 'இழுப்பறை வைத்தால் இடம் பெருகும்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெருகாது, குறையும். கை எட்டும் இடம்தான் பெருகும். அம்மாவுக்கு வேண்டியது அதுதான் என்பதால் எனக்குச் சம்மதம். ஆனால் முதலிலேயே தெரிந்திருந்தால் இரண்டு டின் வாங்காமல் இருந்திருப்பேன்.

இனி எடை. என் முக்கியமான புகார் இதைப் பற்றியதுதான்.

துணி வைக்கும் இழுப்பறையும் பருப்பு வைக்கும் இழுப்பறையும் பார்க்க ஒன்றுபோல் இருக்கலாம், பொறியியலில் அவை ஒரே ஜாதி இல்லை. ஒரு லிட்டர் அரிசி சுமார் 800 கிராம், துவரம்பருப்பும் ஏறக்குறைய அவ்வளவே. கோதுமை மாவு 550 கிராம் இருக்கும். தூள் உப்பு ஒரு கிலோ 200 கிராம் வரை போகும். என் இழுப்பறையில் டின்கள் கொள்ளும் அளவு சுமார் 30 லிட்டர். விளிம்புவரை நிரப்பாமல் இருந்தாலும் சாமான் 20 கிலோ, எவர்சில்வர் டின்கள் 4 கிலோ, இழுப்பறை 6 கிலோ. மொத்தம் 30.

சேனல் அட்டைப்பெட்டியில் 45 கிலோ தாங்கும் என்று அச்சிட்டிருந்தது. அப்போ கவலையில்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் எடை எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். 22 அங்குலச் சேனல், அதாவது 56 செ.மீ. முழுக்க இழுத்தால் இழுப்பறை மொத்தமும் கூட்டுக்கு வெளியே தொங்குகிறது. அதன் எடை மையம் கூட்டின் வாயிலிருந்து 28 செ.மீ. வெளியே. முன் திருகு வாயிலிருந்து 4 செ.மீ. உள்ளே, பின் திருகு 50 செ.மீ. உள்ளே. சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள், முன் திருகுதான் நடுமுட்டு. வெளியே 32 செ.மீ. தூரத்தில் 30 கிலோ. அதை அடக்க 46 செ.மீ. பின்னால் இருக்கும் திருகு 21 கிலோ அளவுக்குக் கீழே இழுத்துப் பிடிக்கவேண்டும். இரண்டும் சேர்ந்து முன் திருகுகளின் தலையில் 51 கிலோ. பக்கத்துக்கு இருபத்தைந்தரை. அதையும் தாங்குவது பிளைவுட்டில் அரை அங்குலம் இறங்கியிருக்கும் ஒரு சின்னத் திருகு. முன்பக்கம் இருக்கும் துளைகள் அத்தனையிலும் திருகு போடுங்கள், முன்கூட்டியே மெல்லிய துளை போட்டுவிட்டு. நான் பார்த்த ஒரு காணொளியில் பக்கத்துக்கு இரண்டே இரண்டு திருகு போட்டுவிட்டு, காலி இழுப்பறையை ஒரு விரலால் தள்ளிக்காட்டிப் புன்னகைக்கிறார்கள்.

அந்தக் காலி இழுப்பறைப் புன்னகையில்தான் நானும் மாட்டினேன்.

கூட்டைக் கல்லுக்குள் தள்ளி வைத்தேன். எதனோடும் பிணைக்கவில்லை. கூட்டுக்கு மேலே நான்கு அங்குல இடைவெளி, தட்டு செருக வசதியாக இருக்கட்டும் என்று விட்டது. காலியாக இழுத்துப் பார்த்தேன், கச்சிதம். ஐந்து கிலோ அரிசி வைத்து இழுத்தேன், அசையவில்லை. அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டேன். அவர் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு நிதானமாக எல்லா டின்களையும் அடுக்கியிருக்கிறார். பாதி இழுத்த நிலையில் வைத்தே அடுக்கியதால் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கடைசி வரிசையைப் பார்க்க முழுக்க இழுத்தார். கூட்டின் பின்பக்கம் எழும்ப, மொத்தப் பெட்டியும் முன்னால் சாய்ந்தது. நான் சத்தம் கேட்டு ஓடியபோது இரண்டு கையாலும் முகப்புப் பலகையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய பாதம் அதற்கு நேர் கீழே. உளுந்து டின் ஒன்று விழுந்து தரை முழுக்க உளுந்து.

"டேய், இது என்னடா மேல வந்து விழுது!"

அன்று ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்கு இது. கூட்டின் எடை 11 கிலோ, அதன் மையம் வாயிலிருந்து 29 செ.மீ. உள்ளே. பெருக்கினால் 319. வெளியே தொங்குவது 30 கிலோ, 28 செ.மீ. பெருக்கினால் 840. சாயாமல் என்ன செய்யும்? 319-ஐ 28-ஆல் வகுத்தால் 11.4. இழுப்பறையோடு சேர்த்துப் பதினொன்றரை கிலோவைத் தொட்டாலே கவிழும். நான் சோதித்தது 6 கிலோவிலும் 11 கிலோவிலும்! இதைவிடத் துல்லியமாகத் தப்புச் சோதனை செய்ய முடியாது.

காணொளிகளில் ஏன் இது வருவதே இல்லை? அவர்களுடைய அலமாரி ஏற்கெனவே சுவரில் திருகப்பட்டிருக்கிறது. அது ஓர் ஊகம். செய்பவருக்கு அது கண்ணில் படுவதுகூட இல்லை, ஏனென்றால் அவர் சமையலறையில் அது எப்போதும் இருக்கிறது. நம் பக்கத்துக் கல் தட்டுச் சமையலறைக்கு அப்படியே எடுத்துக்கொண்டு வரும்போது அந்தச் சுவர்த் திருகு மட்டும் கூட வருவதில்லை. நம்மூர் ஆட்கள் தமிழில் செய்யும் காணொளிகளும் பெரும்பாலும் வெளியூர்க் காணொளியின் வரிசையையே பின்பற்றுகின்றன. அளவு, வெட்டு, இணைப்பு, சேனல், பாலிஷ், காலி இழுப்பறை. பிறகு ஒரு பாட்டு.

நிவர்த்தி சாதாரணமானது. கூட்டின் மேல் பின்மூலைகளில் இரண்டு கட்டை முட்டு. முட்டுக்கும் மேலே உள்ள கல்லுக்கும் நடுவில் இரண்டு ஆப்பு, எதிரெதிராக அடித்து இறுக்கியது. அங்கே தேவைப்படும் பிடிமானம் ஒன்பது கிலோ அளவுதான், மேடைக் கல்லுக்கு அது கொசு. கூடு இப்போது யானை இழுத்தாலும் எழும்பாது. தட்டு செருகும் இடமும் பெரும்பாலும் அப்படியே கிடைத்தது. ஆசாரி அண்ணன் பின்னால் பார்த்துவிட்டு, "இத முன்னாடியே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். கேட்டிருக்கலாம். அவரிடம் நான் கேட்டதெல்லாம் டவ்டெயிலைப் பற்றி.

இன்னொரு தப்பும் செய்தேன், அது கொஞ்சம் நுட்பமானது. உள்ளே தடுப்புகள் போட்டேன். டின்களை அளந்து, எட்டு அறை, ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்த இடம். மூடிகளின் மேல் பெயர் ஒட்டினேன். ஏனென்றால் இழுப்பறை வந்ததும் டின்னின் முகமே மாறிவிடுகிறது. தட்டில் இருக்கும்போது டின்னின் வயிற்றைப் பார்க்கிறோம், அங்கே நெளிவு இருக்கும், பெயர் வெட்டியிருக்கும், அம்மாவுக்கு எது எதென்று தெரியும். இழுப்பறையில் மேலிருந்து பார்த்தால் எட்டு மூடியும் ஒரே மாதிரி பளபளக்கின்றன. இதையும் எந்தச் செய்முறையும் சொல்லவில்லை. சரி, பெயர் ஒட்டினால் தீர்ந்தது என்று நினைத்தேன். அம்மாவுக்குக் கண்ணாடி போட்டால்தான் அந்த எழுத்து தெரியும், சமைக்கும்போது கண்ணாடி ஆவி பிடிக்கும், ஆகவே போடமாட்டார். பொங்கலுக்குப் பச்சரிசி அதிகம் வாங்கினார், அறைக்குள் அடங்கவில்லை. மாசி மாதம் வற்றல் போட்டதும் பெரிய டின் வந்தது. எட்டு அறையில் மூன்று காலியாகவும், மீதிச் சாமான் வழக்கம்போல் தரையிலும்.

இந்தத் தப்பைச் செய்த பெரியவர்கள் இருக்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல். 1926-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் எர்ன்ஸ்ட் மாய் தலைமையில் கட்டப்பட்ட குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகளில் அமைக்கப்பட்டது. இன்றைய மாடுலர் கிச்சனுக்குப் பாட்டி முறை. அதில் அலுமினியத்தில் சின்னச் சின்ன இழுவைப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். கைப்பிடியும் கொட்டுவாயும் கொண்டவை. உருவி எடுத்து நேராகச் சட்டியில் கொட்டலாம். ஒவ்வொன்றிலும் அரிசி, சர்க்கரை என்று பெயர் பொறித்திருக்கும். மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி, அந்த மரத்தின் துவர்ப்புச் சத்து பூச்சியை அண்ட விடாது என்பதற்காக. எவ்வளவு யோசித்திருக்கிறார் பாருங்கள்! ஒரு பெண் அடுப்பங்கரையில் எத்தனை அடி நடக்கிறாள் என்று அளந்து, அந்த நடையைக் குறைக்கவேண்டும் என்கிற அக்கறையில் செய்தது. ஆனால் குடிவந்தவர்கள் பெயர் பொறித்த பெட்டிகளை வேறு எதெதற்கோ பயன்படுத்தினார்கள். அந்தச் சமையலறையை வடிவமைக்கும் முன் தான் சமைத்ததே இல்லை, குடும்பம் நடத்தியதும் இல்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அவரைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. நாஜிகளை எதிர்த்துச் சிறை சென்ற பெண்மணி, நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தவர். மாவுப் பெட்டியில் அவர் காட்டிய கவனமும் பெயர்ப் பொறிப்பில் காட்டிய பிடிவாதமும் ஒரே கையிலிருந்து வந்தவை என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. மாவு எப்படிக் கெடும் என்பது பொருளைப் பற்றிய அறிவு, அது எல்லா வீட்டுக்கும் பொருந்தும். அரிசிக்கு எவ்வளவு இடம் என்பது அந்த வீட்டின் வருஷத்தைப் பற்றிய அறிவு, அது வீட்டுக்காரரிடம்தான் இருக்கிறது. நான் சேனலைப் பற்றி முப்பது காணொளி பார்த்தேன், அம்மாவிடம் ஆடிக்கும் தைக்கும் என்னென்ன வாங்குவீர்கள் என்று ஒரு தடவை கேட்கவில்லை.

தடுப்புகளைப் பிடுங்கிவிட்டேன். இப்போது உள்ளே நகர்த்தக்கூடிய ஒரே ஒரு குறுக்குச் சட்டம், டின்கள் வழுக்காமல் இருக்க. பெயர்ச்சீட்டுகளை அம்மாவே கிழித்துவிட்டார். அவர் முறை வேறு. முன்வரிசையில் தினமும் வேண்டியது, நடுவில் பருப்பு வகை, கடைசியில் மாதம் ஒரு தடவை எடுப்பது. கனமான உப்பும் சர்க்கரையும் கடைசி வரிசையில். இதைக் கேட்டதும் கணக்குப் போட்டேன். எடை பின்னால் போனால் மையமும் பின்னால் போகும், முன் திருகின் பாரம் குறையும். அவர் கணக்கெல்லாம் போடவில்லை. "கனமா இருக்கிறது முன்னால இருந்தா இழுக்கும்போது தலை ஆட்டுது" என்றார், அவ்வளவுதான்.

மரத்தைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. முழு மரத்தில் செய்தால் ஐப்பசி மழையில் ஊதி, சித்திரையில் சுருங்கும். பழைய மேசை டிராயர்களுக்கு மெழுகுவத்தி தேய்த்த ஞாபகம் எல்லோருக்கும் இருக்கும். சமையலறை ஈரத்துக்கு 710 தரப் பிளைவுட் போதும், கடையில் நம்பர் சொல்லிக் கேளுங்கள். அடிப்பலகை 6 மி.மீ. போடச் சொல்லும் செய்முறைகளை நம்பாதீர்கள், பருப்பு எடைக்கு அது தொப்பை போடும். 12 போடுங்கள். புதுப் பிளைவுட்டின் பசை வாடை அரிசியில் ஏறும், ஆகவே இரண்டு வாரம் திறந்துபோட்டு ஆறவிட்ட பிறகே சாமான் வையுங்கள். முக்கால் தூரம் மட்டும் வெளியே வரும் மலிவான ரோலர் சேனல் வேண்டவே வேண்டாம். அதில் கடைசி 14 செ.மீ. உள்ளேயே நின்றுவிடும். எங்கள் கேழ்வரகு மாவு இரண்டு வருஷம் குடியிருந்த இடம் அதுதான்.

இரண்டாவது இழுப்பறைக்கு மரம் வெட்டியாயிற்று, அடுத்த கல் இடைவெளிக்கு. இந்தத் தடவை கூட்டைக் கல்லுக்குள் வைத்ததும் முதல் வேலை ஆப்பு. அடுத்தது இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தை அப்படியே தூக்கி உள்ளே வைத்து, முழுக்க இழுத்து, ஒரு ராத்திரி அப்படியே விட்டுவைப்பது. முகப்புக் கைப்பிடியை எங்கே வைப்பது என்று அம்மாவைக் கேட்டிருக்கிறேன். முக்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.